தவறி மடிந்த புரதத்தைச் செல் என்ன செய்கிறது?

திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர் யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் அப்துல் கலாம் பெயரைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் கலாம் அங்கே சேர்வதற்கு எட்டு வருடம் முன்னால், 1942-இல், இயற்பியல் ஆனர்ஸ் முடித்துவிட்டுப் போன ஒருவரை ஊர் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர் ஜி. என். ராமச்சந்திரன், எர்ணாகுளத்துக்காரர். திருச்சியிலிருந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் மின்பொறியியலில் சேர்ந்தவரை சர் சி. வி. ராமன் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். ராமன் பிறந்தது காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் தீவில் இருக்கும் திருவானைக்காவலில். குருவின் பிறந்த ஊருக்கும் சீடரின் கல்லூரிக்கும் நடுவே ஒரு காவிரிப் பாலம்தான்.

புரதம் எப்படியெல்லாம் மடியலாம், எப்படி மடியவே முடியாது என்று எல்லை வகுத்துக் காட்டியவர் இந்த ராமச்சந்திரன். மடிப்பு தவறிய புரதத்தைச் செல் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு அவர் வரைந்த படத்திலிருந்து தொடங்குவதே சரி.

புரதம் என்றதும் பருப்பு, முட்டை என்று சாப்பாட்டுக் கணக்குதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் செல்லுக்குள் நடக்கிற வேலையில் பெரும்பகுதி புரதத்தினுடையது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின், சோற்றைச் செரிக்கும் நொதிகள், கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி எல்லாமே புரதங்கள். ஒவ்வொன்றும் இருபது வகை அமினோ அமிலங்களைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்த நீளமான சங்கிலி. கோக்கிற இடத்துக்கு ரிபோசோம் என்று பெயர். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சங்கிலி நீண்டு கிடக்கும்வரை பெரும்பாலான புரதங்களால் ஒரு பயனும் கிடையாது. சுருண்டு மடிந்து தனக்குரிய வடிவத்துக்கு வந்தால்தான் வேலை நடக்கும்.

1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில் திருப்பம் இருக்கிறது. எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் திருப்பலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தபோது பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முட்டாத கோணங்கள் சில திட்டுகளாக மட்டும் தேறின. அந்தத் திட்டுகளைக் காட்டும் சதுரப் படத்துக்குத்தான் ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். இன்றைக்கும் ஒரு ஆய்வகம் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தால் இந்தப் படத்தில் போட்டுச் சரிபார்க்கிறார்கள்.

தவறி மடிந்த புரதம் இந்தத் திட்டுகளுக்கு வெளியே போய்விட்ட புரதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மூளை நோய்களில் கட்டியாகப் படிகிற அமிலாய்டு இழைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றின் கோணங்கள் படத்தில் முறையாக அனுமதித்த இடத்தில்தான் விழுகின்றன. அதாவது கோணத்தில் குற்றமில்லை. அந்தப் புரதத்துக்கு அது சரியான வடிவம் இல்லை, அவ்வளவுதான். இதனால்தான் தவறைக் கண்டுபிடிப்பது செல்லுக்கு அத்தனை சிரமமாக இருக்கிறது.

பிறகு எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது? புரதச் சங்கிலியில் தண்ணீரை விரும்பும் அமினோ அமிலங்களும் உண்டு, தண்ணீரை வெறுக்கும் எண்ணெய்த்தன்மை உள்ளவையும் உண்டு. செல்லின் உள்ளே பெரும்பகுதி தண்ணீர். ஆகவே சரியாக மடிந்த புரதத்தில் எண்ணெய்ப் பகுதிகள் உள்ளே பதுங்கிவிடும். மடிப்பு குலைந்தால் அவை வெளியே தெரியும். அப்படி வெளியே வந்த பகுதிகள் பக்கத்துப் புரதத்தின் எண்ணெய்ப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக் கருவைத் தோசைக்கல்லில் ஊற்றியதும் கண்ணாடி போல் இருந்தது பால்வெள்ளையாக உறைகிறதே, அது கண்ணெதிரே நடக்கிற இந்த விஷயம்தான். சூட்டில் புரதங்கள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒளி ஊடுருவாத கட்டியாகிவிடுகின்றன. காய்ச்சல் வந்தாலும், மரபணுக் கோளாறு இருந்தாலும், ரிபோசோம் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக் கோத்துவிட்டாலும் செல்லுக்குள் இதே ஆபத்துதான், சின்ன அளவில்.

செல் எடுத்த எடுப்பிலேயே அழிப்பதில்லை. முதலில் காப்பாற்றப் பார்க்கிறது. சாப்பரோன் என்ற துணைப் புரதங்கள் வெளியே தெரியும் எண்ணெய்ப் பகுதிகளைப் பிடித்து மறைத்து, திரும்ப மடிய அவகாசம் தருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஹீட் ஷாக் புரோட்டீன் என்று பெயர் வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார்கள். ஈயின் குரோமோசோமில் வழக்கத்தில் இல்லாத இடங்களில் புடைப்புகள் தெரிந்தன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் அவசரமாக விழித்துக்கொள்கின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. கத்திரி வெயிலில் காவிரிக் கரை வாழைத் தோட்டத்தில் நிற்கிற மரத்தின் இலையிலும் இதே வகைப் புரதங்கள்தான் வேலை செய்துகொண்டிருக்கும். பாக்டீரியாவிலிருந்து மனிதன்வரை இந்த ஏற்பாடு பொது.

எத்தனை தடவை வாய்ப்புக் கொடுப்பது? என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிக அழகான பகுதி இதுதான். செல்லை விட்டு வெளியே போக வேண்டிய புரதங்களும் செல்லின் வெளிச்சவ்வில் பதிய வேண்டிய புரதங்களும் முதலில் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலுக்குள் மடிகின்றன. உள்ளே நுழையும்போதே அவற்றில் பலவற்றின்மீது 14 சர்க்கரை மூலக்கூறுகள் கொண்ட ஒரு கிளைக்கொத்து ஒட்டப்படுகிறது. அதன் ஒரு நுனியில் மூன்று குளுக்கோஸ். அவை ஒவ்வொன்றாக நறுக்கப்படும். ஒன்று மிச்சமிருக்கும்போது சாப்பரோன் பிடித்துக்கொண்டு மடிய உதவும். கடைசிக் குளுக்கோசும் போனதும் விட்டுவிடும். அப்போது ஒரு நொதி வந்து புரதத்தைச் சோதிக்கிறது. மடிப்பு இன்னும் சரியில்லை என்றால் ஒரு குளுக்கோசைத் திரும்ப ஒட்டிவிடும். புரதம் மறுபடியும் சாப்பரோனிடம் போகும். இந்தச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே வேறொரு நொதி, கொத்தின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் மன்னோஸ் சர்க்கரைகளை மிக மெதுவாக நறுக்கிக்கொண்டு வருகிறது. மன்னோஸ் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்துவிட்டால் அவகாசம் முடிந்தது என்று அர்த்தம். புரதத்தை வலையிலிருந்து வெளியே இழுத்துச் செல் அழிப்புக்கு அனுப்பிவிடும். அந்த மந்தமான நொதிதான் செல்லின் கடிகாரம்.

அழிக்க வேண்டும் என்று முடிவானதும் அடையாளம் வைக்க வேண்டும். சாலையை அகலப்படுத்த வருகிற அதிகாரிகள், இடிக்கப்போகிற வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. செல் போடும் குறியும் ஒரு புரதம்தான். பெயர் யூபிக்விட்டின், 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னப் புரதம். ஈஸ்டிலிருந்து மனிதன்வரை கிட்டத்தட்ட மாறாமல் இருப்பது. இதை ஒட்ட மூன்று நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. ஈ1 யூபிக்விட்டினைத் தயார்ப்படுத்தும், ஈ2 சுமந்து வரும், ஈ3 எதன்மேல் ஒட்டுவது என்று முடிவு செய்யும். மனிதச் செல்லில் ஈ1 இரண்டே வகை, ஈ2 சில டஜன், ஈ3 மட்டும் 600-க்கு மேல். முடிவெடுக்கிற இடத்தில்தான் ஆள் அதிகம். ஒரு யூபிக்விட்டின் ஒட்டினால் பொதுவாகப் போதாது. ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து கோத்த வாலாக வேண்டும். காப்பாற்றப் பார்க்கிற சாப்பரோனிடமே போய் ஒட்டிக்கொள்கிற ஒரு ஈ3-யும் உண்டு. புரதம் நீண்ட நேரம் சாப்பரோனின் பிடியிலேயே கிடந்தால், அங்கேயே வைத்து அதற்குக் குறி போட்டுவிடும்.

குறி விழுந்த புரதம் போய்ச் சேரும் இடம் புரோட்டியசோம். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நடுவில் ஒரு குழல்: ஏழு துண்டுகள் கொண்ட வளையம் நான்கு, ஒன்றின்மேல் ஒன்றாக. நீளம் சுமார் 15 நானோமீட்டர். வெட்டும் பற்கள் அத்தனையும் குழலின் உட்சுவரில்தான். வெளியே ஒன்றுகூட இல்லை. அது முக்கியம். வெளியே இருந்தால் நல்ல புரதத்தையும் கடித்துவிடும். வாயோ மிகக் குறுகல். மடிந்த புரதம் எதுவும் நுழையாது. வாயின்மேல் ஒரு மூடி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் யூபிக்விட்டின் வாலைப் பிடிக்கிறது. மூடியில் ஆறு மோட்டார்கள் வளையமாக நின்று, செல்லின் எரிபொருளான ஏடிபி-யை எரித்து, புரதத்தின் தளர்ந்த நுனியைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இழுக்கிற இழுப்பில் மடிப்பு பிரிந்து, சங்கிலி நூலாக உள்ளே போகிறது. யூபிக்விட்டினை மூடி வாசலிலேயே கழற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறது, அடுத்த வேலைக்கு. புரதம் மூன்று முதல் இருபத்தைந்து அமினோ அமிலம் வரை நீளமுள்ள துண்டுகளாக வெளியே வரும். வேறு நொதிகள் அவற்றை முழுதாகப் பிரித்துவிட, அமினோ அமிலங்கள் மறுபடியும் ரிபோசோமுக்குப் போகின்றன. சில துண்டுகள் மட்டும் செல்லின் மேற்பரப்புக்குப் போய், உள்ளே என்ன தயாராகிறது என்று நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டப்படுகின்றன. வைரஸ் புகுந்த செல் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

மேலே ஏடிபி எரிகிறது என்றேனே, அதுதான் விஞ்ஞானிகளைப் பல வருடம் குழப்பியது. நியூயார்க்கில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1930-களின் கடைசியில், கனமான நைட்ரஜன் சேர்த்த அமினோ அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்து, உடலின் புரதம் ஓயாமல் அழிந்து புதுப்பிக்கப்படுகிறது என்று காட்டியிருந்தார். சரி, அழிகிறது. ஆனால் இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதிக்கு எரிபொருள் எதுவும் தேவையில்லை. செல்லுக்குள் மட்டும் அழிப்பதற்கு ஏன் செலவு? 1953-இல் எலிக் கல்லீரலில் மெல்வின் சிம்ப்சன் இந்தச் செலவைக் கவனித்துச் சொன்னார். பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. இஸ்ரேலின் ஹைஃபாவில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரோன் சீஹனோவரும், அமெரிக்காவில் இர்வின் ரோஸும் முயலின் இளம் சிவப்பணுக்களைக் கரைத்துத் துழாவி 1980 வாக்கில் விடையைப் பிடித்தார்கள். குறி போட்டுத் தேர்ந்தெடுப்பதற்கும் செலவு. மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல்.

புரோட்டியசோமின் வாய் குறுகல் என்று பார்த்தோம். புரதங்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வேறு வழி: செல் இரட்டைச் சவ்வால் கட்டியைச் சுற்றி வளைத்துப் பையாக்கி, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற பையோடு சேர்த்துவிடும். இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். ஈஸ்ட்டை வைத்து இதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. அன்று முதல் மார்கழி பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ஏகாதசி விரதத்தின் மகிமையை நிரூபித்ததற்காக ஜப்பான்காரருக்கு நோபல் பரிசு! ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் பார்க்க நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்காவது அது வந்திருக்கும். ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்ட்டை. நைட்ரஜன் கிடைக்காத ஈஸ்ட் தன் உறுப்புகளையே தின்று பிழைப்பதைத்தான் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பட்டினியில் எலியின் கல்லீரலிலும் ஆட்டோஃபேஜி கூடுகிறது, உண்மை. ஆனால் மனிதன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து துவாதசியன்று அகத்திக்கீரையோடு பாரணை செய்தால் மூளையில் படிந்த புரதம் கரையும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. விரதம் இருப்பவர் பக்திக்காக இருக்கட்டும், அதற்கு நோபல் சான்றிதழ் தேவையில்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

பழுதான புரதத்தை அழிக்கும் இந்த ஏற்பாடே இல்லாத ஒரு இடம் நம் உடம்பில் இருக்கிறது, கண் லென்ஸின் நடுப்பகுதி. ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அங்குள்ள செல்கள் தம் உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் கரைத்துவிடுகின்றன. புதிய புரதமும் உண்டாகாது, பழையதை மாற்றவும் முடியாது. பிறக்கும்போது லென்ஸின் நடுவில் இருந்த கிரிஸ்டலின் புரதம்தான் எண்பது வயதிலும் இருக்கும். கிரிஸ்டலினில் ஆல்ஃபா என்ற வகை தானே சாப்பரோனாக இருந்து மற்றவற்றைத் தாங்கிப் பிடிக்கும்; ஆனால் அதுவும் ஒரு நாள் தீர்ந்துபோகும். அப்புறம் புரதங்கள் ஒட்டிக்கொள்ள, லென்ஸ் மங்கும். திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் நம் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு வருகிற கண்புரை அதுதான். செல் தானே அகற்ற முடியாததை டாக்டர் அகற்றுகிறார்.

நரம்புச் செல்லின் பாடு வேறு. அதற்கு ஏற்பாடு எல்லாம் உண்டு, ஆனால் அது பிரிந்து பெருகுவதில்லை. தோல் செல்லைப் போல் குப்பையை இரண்டு செல்லுக்குப் பங்கிட வழியில்லை. பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்களுக்குள் உருண்டையான படிவுகள் தெரியும். 1912-இல் முதலில் விவரித்த ஃபிரிட்ஸ் லேவியின் பெயரால் அவற்றை லேவி உருண்டைகள் என்பார்கள். அவற்றின் முக்கியப் பொருள் ஆல்ஃபா-சினுக்ளின் என்ற தவறி மடிந்த புரதம் என்று 1997-இல் தெரிந்தது. அதற்குச் சில வருடம் முன்பே இன்னொன்றைப் பார்த்திருந்தார்கள்: அந்த உருண்டைகள் முழுக்க யூபிக்விட்டின். அதாவது சிவப்புக் குறி போட்டாயிற்று, இடிக்கத்தான் யாரும் வரவில்லை. 1998-இல் ஜப்பானில், இளவயதிலேயே பார்க்கின்சன் வரும் குடும்பங்களில் பழுதான ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து அதற்குப் பார்க்கின் என்றே பெயர் வைத்தார்கள். அது தயாரிப்பது ஒரு ஈ3.

ராமச்சந்திரனுக்கும் கடைசி வருடங்களில் பார்க்கின்சன் இருந்தது. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். அவருக்கு அது எதனால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலான நோயாளிகளுக்கும் அப்படித்தான். இன்றுவரை கொடுக்கிற முக்கிய மருந்தான லெவோடோபா குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும், படிந்த புரதத்தைத் தொடாது.

அழிக்காமல் விடுவதால் மட்டும் நோய் வருவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயில் 1480 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தில், பல நோயாளிகளுக்கு ஒன்றே ஒன்றுதான் குறைவு. செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தக் குறையோடும் ஓரளவு வேலை செய்யும். எண்டோபிளாச வலையின் சோதனைதான் விடுவதில்லை. கிட்டத்தட்ட முழுவதையும் அழித்துவிடுகிறது. அந்தப் புரதம் மடிய உதவி, சோதனையைத் தாண்டவைக்கும் கூட்டு மாத்திரைக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம் ஊர்ப் புற்றுநோய் வார்டுகளில் இதைவிடப் பரிச்சயமானது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். அந்தச் செல்கள் ஓயாமல் புரதத்தைக் கொட்டுவதால் தவறி மடிந்தவையும் மலைபோல் சேரும். புரோட்டியசோம் ஒரு நிமிடம் நின்றாலும் அவற்றுக்குக் கஷ்டம். அந்தப் பலவீனத்தில்தான் போர்டெசோமிப் கைவைக்கிறது. புரோட்டியசோமின் வெட்டும் பல்லில் போய் உட்கார்ந்து அடைத்துவிடும். 2003-இல் அனுமதி பெற்றது; இன்று இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. அதோடு சேர்த்துக் கொடுக்கும் லெனலிடோமைடு மாத்திரை நேர் எதிர்க் காரியம் செய்கிறது. அது தாலிடோமைடின் உறவு. 1961-இல் பிறவிக் குறைபாடுகளுக்காகச் சந்தையிலிருந்து தூக்கப்பட்ட அதே தாலிடோமைடு. இந்த மருந்துகள் செரப்ளான் என்ற ஈ3-யில் ஒட்டிக்கொண்டு அதன் தேர்வையே மாற்றிவிடுகின்றன என்பது 2010-க்குப் பிறகுதான் தெரிந்தது. மைலோமா செல்லுக்கு உயிரான இரண்டு நல்ல புரதங்கள்மேல் அழிப்புக் குறி விழுகிறது. ஒரு மருந்து அழிப்பை நிறுத்துகிறது, இன்னொன்றுக்கு அழிப்பு நடந்தாக வேண்டும். சேர்த்துக் கொடுத்தால் முட்டிக்கொள்ளாதா? முட்டிக்கொள்வதில்லை, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகவே கேட்கிறது. போர்டெசோமிப் புரோட்டியசோமை முழுதாக அடைப்பதில்லை என்பதும், அடைப்பு சில நாளில் விலகிவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

போர்டெசோமிப் ஊசி போட்டுச் சில வாரத்தில் சில நோயாளிகள் சொல்லத் தொடங்குவார்கள்: உள்ளங்கால் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. மருந்து நரம்புச் செல்களையும் தொட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. முன்பு இரத்தக்குழாயில் வாரம் இரண்டு முறை போட்டார்கள். வயிற்றுத் தோலுக்கடியிலோ தொடையிலோ போட்டால் புற்றின்மேல் பலன் அதேதான், கால் எரிச்சல் மட்டும் குறைகிறது என்று 2011-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. வாரம் ஒரு முறையாகக் குறைத்தாலும் எரிச்சல் குறையும். ஆகவே எரிச்சல் தொடங்கியதும் பொறுத்துக்கொண்டு இருக்காமல் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்கவும் இடைவெளியைக் கூட்டவும் வழி இருக்கிறது.